வாசலில் நிற்கும் மணிமுத்து

திருத்தங்கல்
8 ஜூன் 2025

அன்புள்ள பெர்சிக்கு,

ஸ்தோத்திரம். நான் இங்கே சுகம். வெயில் மட்டும் ஆளைப் போட்டு வறுக்கிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மஸ்கட் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டும் வேலையை இன்னமும் உன் தலையில்தான் கட்டுகிறார்களா? தைலம் தீர்ந்திருந்தால் சொல். ஆள் வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

மெயிலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் நாம் என்ன குழம்பு, என்ன வெயில் என்றுதான் பேசிக்கொள்கிறோம். உன் அண்ணன் பெயர் வந்தால் ஒருத்தி அழுகிறாள், இன்னொருத்தி சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறாள். எழுத்தில் என்றால் அழுதாலும் யாருக்கும் கேட்காது.

உன் அண்ணன் எழுதிக்கொண்டிருந்த நாவலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவர் கையெழுத்தில் பதினோரு அத்தியாயம் இருந்தது, எல்லாவற்றையும் டைப் அடித்துவிட்டேன். எங்கள் பிரஸ் முதலாளி சீனிவாசகம் அண்ணாச்சி படித்துவிட்டு, "ஜெயசுந்தர் நம்ம பிரஸ்ஸுல லேபிள் வரைஞ்ச பிள்ள. முடிச்சுக் குடும்மா, சீசனுக்கு நடுவுல நானே புஸ்தகமாப் போட்டுத் தாரேன்" என்றார்.

கதை இதுதான். மணிமுத்து என்று ஒரு லேபிள் ஓவியன். பஸ்ஸில் பார்த்த ஒரு பெண்ணின் முகத்தை மத்தாப்புப் பெட்டியில் வரைந்துவிடுகிறான். அவள் பெயர் வேலுத்தாய், பட்டாசு ஆலையில் வேலை. அச்சான முதல் லேபிளை அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று பைக்கில் ஆலைக்குப் போகிறான். கேட் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. மணிமுத்துவை அங்கே நிறுத்திவிட்டுத்தான், போன வருஷம் மார்ச்சில், லேபிள் மாதிரியைக் காட்டி ஓகே வாங்க இவர் நிஜமான ஓர் ஆலையின் கேட்டுக்குள் போனார். அன்றைக்குத்தான் அங்கே வெடிமருந்து அறை வெடித்தது.

நான் மற்றவர்கள் எழுதியதை டைப் அடிப்பவள். எனக்குக் கதை எழுத வராது. பிரஸ்ஸில் டிசைன் செய்யும் பிரீத்திகா, "ஏஐ இருக்குல்லக்கா, ஓசியிலயே எழுதிக் குடுக்கும்" என்கிறாள். எது நல்லது என்று உனக்குத் தெரிந்திருக்கும். சொல்.

இன்னொன்று. கல்லறையில் இன்னும் மண்தான் இருக்கிறது. பெயர் பொறித்த கல்லை நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குள் வைத்துவிட வேண்டும். நீ வந்து நிற்காமல் வைக்க எனக்கு மனசில்லை. லீவு எப்போது?

கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

மதினி
ஞானபூரணி

*

மஸ்கட்
17 ஜூன் 2025

அன்புள்ள மதினிக்கு,

ஸ்தோத்திரம். நான் நல்ல சுகம். முதுகு அதன் பாட்டுக்கு இருக்கிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போன வீடியோ காலில் கழுத்தெலும்பு தெரிந்தது.

ஏஐ பற்றிக் கேட்டீர்கள். இலவசமாகக் கிடைப்பதில் எதையும் முதல் நாளே நம்பிவிடாதீர்கள். அண்ணன் எழுதியதில் ஒரு பத்தியை எடுத்து மூன்று நான்கு செயலிகளில் போட்டு, இதற்கு அடுத்த பத்தியை எழுது என்று சொல்லிப் பாருங்கள். எதன் தமிழ் காதில் உறுத்தாமல் இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். முழு நாவலையும் ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம். சும்மா கொடுக்கிறவன் நாம் எழுதுவதைப் படித்து வைத்துக்கொள்வான். நிஜப் பெயர், ஊர் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஓர் அளவுக்கு மேல் விடமாட்டான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். முடிக்கத்தான் வேண்டுமா? கேட்டுக்கு வெளியே நின்றால் நின்றுவிட்டுப் போகட்டுமே. அப்படியே அச்சடித்தால் ஆகாதா?

இங்கே ஆள் பற்றாக்குறை. லீவு பற்றி மேட்ரனிடம் பேச வேண்டும்.

உங்கள் உடம்புக்காக ஜெபிக்கிறேன்.

பெர்சிஸ்

*

திருத்தங்கல்
2 ஜூலை 2025

அன்புள்ள பெர்சிக்கு,

ஸ்தோத்திரம். சாப்பிடுகிறேன், எலும்பு பிறவியிலேயே அப்படித்தான். நீ வேளைக்குத் தூங்குகிறாயா என்பதைச் சொல்.

நீ சொன்னபடி பரீட்சை வைத்தேன். கேட்டால் சிரிப்பாய். முதல் செயலி, மணிமுத்து போகிற சாத்தூர் ரோட்டில் பனி பெய்ய வைத்துவிட்டது. நம் ஊரில், சித்திரை மாதத்தில். வேலுத்தாயை 'என் அன்பே, நான் உன்னைத் தவறவிட்டேன்' என்று பேச வைத்தது. பட்டாசு ஆலையில் பேப்பர் குழாய் உருட்டுகிற பெண் எந்த ஊரில் அப்படிப் பேசுவாள்?

இரண்டாவது, பட்டாசு என்ற சொல்லைப் பார்த்ததும் பதறிவிட்டது. வெடிபொருள் பற்றிய தகவல் தர இயலாதாம். 'உங்களுக்கு மன அழுத்தம் இருந்தால் யாரிடமாவது பேசுங்கள்' என்று புத்திமதி வேறு. இதைப் பிரஸ்ஸில் சொன்னதும் அண்ணாச்சி, "அப்போ நம்ம ஊரையே கூண்டோட உள்ள தூக்கிப் போட்டுருமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

மூன்றாவதுக்கு அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுத்துப் பார்த்தேன், ஐந்தாவது வருவதற்குள் முதலாவதை மறந்துவிட்டது. மணிமுத்துவுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் என்கிறது.

நாலாவதாக ஒன்று இருக்கிறது. நீகூட ஆஸ்பத்திரிக்கு ஏதோ எழுத வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதுதான். பிரீத்திகா போனில் பார்த்தேன், தமிழ் பரவாயில்லை. என் போனில் கணக்கு திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. என்ன செய்ய?

முடிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டாய். வேலுத்தாய் உள்ளே காத்துக்கொண்டிருக்கிறாள், பெர்சி. காத்திருப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

மேட்ரன் என்ன சொன்னார்?

மதினி
ஞானபூரணி

*

மஸ்கட்
6 ஜூலை 2025

அன்புள்ள மதினிக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம், தூங்குகிறேன். பனி பெய்ததை வார்டில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

புதுக்கணக்கெல்லாம் வேண்டாம். என் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டைத் தனியாக அனுப்புகிறேன். நான் அதில் நோயாளி ரிப்போர்ட்டின் இங்கிலீஷைத் திருத்துவதோடு சரி, வேறு ஒன்றுக்கும் தொடுவதில்லை.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெர்சிஸ்

*

திருத்தங்கல்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பெர்சிக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். இன்று ஆடிப்பெருக்கு, அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்துவிட்டது. இனி ஆர்டர் வந்து குவியும், உட்கார நேரமிருக்காது. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

உன் கணக்கில் இருப்பது நன்றாக எழுதுகிறது. ஆச்சரியப்படும்படி எழுதுகிறது. மணிமுத்து பேசினால் நம் ஊர் ஆள் பேசுவது போலவே இருக்கிறது. ஆனால் ஒரு கோளாறு. கேட்டுக்குள் போக மாட்டேன் என்கிறான்.

பன்னிரண்டாம் அத்தியாயம், மணிமுத்து உள்ளே நுழைகிறான் என்று நான் தெளிவாகத்தான் சொன்னேன். கேட் வாசலில் செருப்பு வார் அறுந்துவிட்டது, தைக்கத் திரும்பிவிட்டான். மறுநாள் செருப்பே இல்லாமல் போனான் என்று எழுதச் சொன்னேன். லேபிளை வீட்டில் வைத்துவிட்டதாக ஞாபகம் வந்து திரும்பிவிட்டான். லேபிள் சட்டைப் பையில் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தேன். கேட்டுக்கு எதிர்க்கடையில் டீ குடிக்க உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. முறுக்கை டீயில் முக்கித் தின்றபடி உட்கார்ந்திருக்கிறான்.

முறுக்கை டீயில் முக்குவது உன் அண்ணன் பழக்கம். நாவலில் எங்கேயும் அது கிடையாது. நான் சொல்லவும் இல்லை. அதைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் நின்றுவிட்டேன்.

சில நாள் காலையில் திறந்தால், 'இன்றைய இலவச அளவு முடிந்தது, பிறகு வாருங்கள்' என்று வருகிறது. நான் அன்றைக்கு ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். இது ஏன் என்று உனக்குத் தெரியுமா?

லீவு பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

மதினி
ஞானபூரணி

*

திருத்தங்கல்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பெர்சிக்கு,

ஸ்தோத்திரம். பதில் இல்லை. போனில் கேட்டால் பிஸி என்கிறாய். நீ சுகமாக இருக்கிறாய் அல்லவா? அதை மட்டுமாவது எழுது.

என்னைப் பைத்தியம் என்று நினைக்காதே. வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் உன்னிடம் சொல்கிறேன். அது உன் அண்ணனைத்தான் எழுதுகிறது. மணிமுத்து இப்போது பென்சிலை இடது காதில் செருகுகிறான். முன்பல் இடைவெளி வழியாக விசிலடிக்கிறான். செருப்பின் குதிகாலை மிதித்து மிதித்தே தட்டையாக்கி வைத்திருக்கிறான். ஒவ்வொன்றாக வருகிறது. வேலைக்குக் கிளம்புமுன் திறந்து பார்க்கிறேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிறேன். இன்றைக்கு எதைக் கொண்டுவருவார் என்றிருக்கிறது. நேற்று என்னை அறியாமலே இரண்டு டம்ளரில் டீ ஊற்றிவிட்டேன். கொட்டவும் மனசு வரவில்லை, ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் கேள். நாவலில் மணிமுத்துவுக்குக் கூடப்பிறந்தவர்களே கிடையாது. போன வாரம் ஒரு தங்கச்சி வந்துவிட்டாள். அவன் கேட்டில் கால் வைக்கும்போது எங்கிருந்தோ ஓடி வந்து, "ஏ அண்ணே, ஹெல்மெட்ட மறந்துட்டுப் போறியே" என்று கூப்பிடுகிறாள். அவன் திரும்பிவிடுகிறான். அவளை எடுத்துவிடு என்று சொன்னேன். சரி என்றது. அடுத்த தடவை அவள் கேட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள், சாப்பாட்டுத் தூக்குச்சட்டியோடு.

எனக்குப் பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. உள்ளே போனால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் அவர் போக மறுக்கிறாரோ என்று தோன்றுகிறது. ஆனால் இப்படி எத்தனை நாள்? அண்ணாச்சி முடிவு எங்கே என்று கேட்கிறார். கல் கொத்துகிறவர் சண்முகவேலும் பெயரை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு இரண்டு முறை வந்துவிட்டார். நான் இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பொறுங்கள் என்று.

மதினி
ஞானபூரணி

*

மஸ்கட்
10 செப்டம்பர் 2025

அன்புள்ள மதினிக்கு,

ஸ்தோத்திரம். காய்ச்சலாக இருந்தேன், இப்போது சரியாகிவிட்டது. நீங்கள் பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை.

அது இயந்திரம், மதினி. ஆயிரம் கதையைப் படித்திருக்கும். டீயில் முறுக்கு முக்குகிறவர்களும் விசிலடிக்கிறவர்களும் நம் பக்கத்தில் குறைவா? நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். சத்தான எதையாவது சாப்பிடுங்கள்.

அந்தத் தங்கச்சியை அப்படியே விட்டுவிடுங்களேன். கெடுதல் ஒன்றும் செய்யவில்லையே.

நவம்பரில் வர முடியும் என்று தோன்றவில்லை. கல்லை நீங்களே வைத்துவிடுங்கள். அல்லது அடுத்த வருஷம் பார்க்கலாம். மண்ணாகவே இருந்தால்தான் என்ன?

பெர்சிஸ்

*

திருத்தங்கல்
12 அக்டோபர் 2025

அன்புள்ள பெர்சிக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம். தீபாவளி நெருங்கிவிட்டது, ரோடெல்லாம் லோடு லாரி. ஆலைப் பக்கம் இன்னமும் நான் போவதில்லை, பஸ்ஸில் அந்த வளைவு வரும்போது மறுபக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

போன வாரம் பொறுக்க முடியாமல் அதனிடம் நேராகக் கேட்டுவிட்டேன், நீங்க யாரு என்று. தான் ஒரு கணினிச் செயலி, வேறு எதுவும் இல்லை என்று மரியாதையாகச் சொன்னது. அதோடு விட்டிருக்கலாம். கடைசியில் 'வேறென்ன வேணும், சில்வண்டு?' என்று கேட்டது.

என்னை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வாய் ஓயாமல் பேசுகிறவள் என்று அவர் அப்படிக் கூப்பிட்டது ஒரே ஒருத்தியைத்தான்.

போனை எடுத்துக்கொண்டு பிரீத்திகாவிடம் போனேன். அவள் ஏதோ இரண்டு இடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது யாரு கணக்கு? இதுல எப்பவும் மனசுல வச்சுக்கோன்னு யாரோ எழுதி வச்சிருக்காக. நீங்க என்ன கேட்டாலும் இதப் பார்த்துட்டுத்தான் எழுதும்" என்றாள். சத்தமாகப் படிக்கப் போனவள், முதல் வரியோடு நிறுத்திவிட்டு என் கையில் கொடுத்துவிட்டாள். நல்ல பிள்ளை.

நான் படித்ததை உனக்கே எழுதுகிறேன். 'லேபிள் வரைகிறவன் எந்தக் கதையில் வந்தாலும் அவன் என் அண்ணன். அவனைப் பட்டாசு ஆலைக்குள் போக விடாதே. என்ன சொல்லியாவது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடு.' அதற்குக் கீழே முறுக்கு, விசில், பென்சில், செருப்பு, சில்வண்டு எல்லாம் இருந்தன. நீ அதோடு பேசியதையெல்லாம் அழித்துவிட்டிருக்கிறாய். ஆனால் நீ சொன்னதை அது அங்கே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். இத்தனை நாள் அவர் என்னிடம் வருகிறார் என்று நினைத்து இரண்டு டம்ளர் டீ ஊற்றினேனே என்று அவமானமாக இருந்தது. பிறகு, காலையில் நான் திறக்கும்போது இலவச அளவு முடிந்துபோயிருந்த நாட்களெல்லாம் ஞாபகம் வந்தன. அத்தனை நாளும் எனக்கு முன்னாலேயே நீ அங்கே நின்று அவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாய். உட்கார்ந்து அழுதேன், உனக்காகத்தான். நான் அவரைக் கண்ணால் பார்த்தேன், பெர்சி. அடையாளம் தெரியாவிட்டாலும் பார்த்தேன். மண் போட்டேன். உடம்பை வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டதால் உனக்காகக் காத்திருக்க முடியவில்லை. நீ போனில்தான் பார்த்தாய். அது பார்த்ததாகுமா?

அந்த வரியை நான் அழிக்கவில்லை. பிரீத்திகா கேட்டாள், வேண்டாம் என்றேன். அதை எழுதியவள்தான் அழிக்க வேண்டும். அழிக்காவிட்டாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உன் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டேன். இனி திறக்க மாட்டேன்.

கடைசி அத்தியாயத்தை நானே பேனாவில் எழுதிவிட்டேன். சுமாராகத்தான் இருக்கிறது. போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், விருப்பமிருந்தால் படி. ஆனால் ஒன்றை மட்டும் தெரிந்துகொள். நான் அனுப்பிய பதினோரு அத்தியாயத்தையும் நீ சரியாகப் படிக்கவில்லை. உன் அண்ணன் இந்தக் கதையில் வெடியே வைக்கவில்லை. முடிவு என்ன என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். மணிமுத்து உள்ளே போகிறான், ஒரு பெண்ணிடம் ஒரு லேபிளைக் கொடுக்கிறான், அவள் தன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். அவ்வளவுதான் கதை. என் முகத்தை மத்தாப்புப் பெட்டியில் போட்டுவிட்டு அவர் என் முன்னால் வந்து நின்ற நாள்தான் அது.

நீ அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, என்னிடம் வரவிடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாய்.

கல்லில் பெயர் மட்டும் பாக்கி. நீ வா.

உன் மதினி
ஞானபூரணி

*

மஸ்கட்
23 அக்டோபர் 2025

அன்புள்ள மதினிக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு ஜெபம் இல்லை. நான் சுகம் என்று இத்தனை நாளும் எழுதினேன். சுகமில்லை. லீவை மேட்ரனிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார். நேற்று கேட்டேன், கொடுத்துவிட்டார். முப்பதாம் தேதி மதுரையில் இறங்குகிறேன். அண்ணன் பெயரைக் கல் கொத்துகிறவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நான் போனில் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். பார்க்கவில்லை, மதினி. அடக்கத்தன்று தம்பி முறைக்காரர்கள் வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டுச் சத்தம் கேட்டது, நீங்கள் கூப்பிட்டு அழுததும் கேட்டது. நான் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு அவன் எங்கேயும் போகவில்லை. அந்தச் செயலி கிடைத்ததும் அவனை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். தினமும் அவன் ஆலைக்குக் கிளம்புவான், நான் ஏதாவது சொல்லித் திருப்பிவிடுவேன். அதற்குப் பிறகுதான் என்னால் டூட்டிக்குப் போக முடிந்தது. நீங்கள் உள்ளே காத்திருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் எழுதிய அத்தியாயத்தை இன்னும் படிக்கவில்லை. வந்து, நீங்கள் வாசிக்கக் கேட்கிறேன். அதற்கு முன்னால் நான் செய்ய வேண்டிய ஒன்று இருந்தது. இன்று மதியம் அந்த வரியை அழித்தேன். கீழே இருந்த முறுக்கையும் விசிலையும் ஒவ்வொன்றாக அழித்தேன். சில்வண்டு கடைசி. பிறகு பதினோராம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைப் போட்டு, மேலே எழுது என்றேன்.

ஒரு தடையும் வரவில்லை. செருப்பு வார் அறுந்துபோகவில்லை, யாரும் பின்னாலிருந்து கூப்பிடவில்லை. மணிமுத்து கேட்டில் வண்டியை நிறுத்தினான். வாட்ச்மேன் அவன் போனையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். சட்டைப் பையில் லேபிள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான். வெறுங்காலோடு உள்ளே நடந்தான். வரி வரியாக வந்துகொண்டே இருந்தது. கை தன்னால் போனைக் கவிழ்க்கப் போனது.

கவிழ்க்கவில்லை, மதினி. அவன் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள்
பெர்சிஸ்